இருக்கன்குடியின் இரண்டு வெள்ளிக்கிழமைகள்

ஆடித் திங்கள் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடிக்குச் சென்றதுண்டா? சாத்தூரிலிருந்து கிழக்கே போகும் சாலை முழுதும் தலைகள்! மஞ்சள் ஆடை, கையில் வேப்பிலைக் கொத்து, இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை! அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற மணலிலே அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவோர் ஒருபுறம், முடியிறக்குவோர் ஒருபுறம், பிள்ளையின் கண்நோய் தீரவேண்டும் என்று கண்மலர் வாங்கும் தாய்மார் ஒருபுறம். பல கல் தொலைவு நடந்தே வந்தவர்கள் அவர்களில் ஏராளம்.

கும்பிடுவோர் கும்பிடட்டும், அந்த வழக்கை இன்று நான் எடுக்கவில்லை. என் கேள்வி வேறு. எண்ணையும் எழுத்தையும் கண் என்றாரே வள்ளுவர், அந்தக் கண்ணுக்கு யார் காவல்? முகத்துக் கண்ணுக்காக ஆடி வெள்ளியில் அத்தனை கல் நடந்த தாய், அறிவுக் கண்ணுக்காக இன்னொரு வெள்ளியன்று, தன் ஊர்ப் பள்ளிக்கூடம் வரை நடந்தாளா? நடக்க விட்டோமா?

"அது எந்த வெள்ளி?" என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இன்று எழுதுகோல் எடுத்தேன்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்றது. முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள்! பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வந்த பணம் எங்கே போயிற்று என்று கேட்பது, வளர்ச்சித் திட்டம் தீட்டுவது இவையெல்லாம் அக்குழுவின் கடமை. 2022ல் தமிழ்நாட்டில் அக்குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, 20 பேரில் 15 பேர் பெற்றோர் என்றனர். தலைமை நாற்காலி பெற்றோர் ஒருவருக்கே என்றனர். திங்கள்தோறும் முதல் வெள்ளியன்று கூட்டம் என்றனர். 2024ல் குழுவை 24 பேராக்கி, முன்னாள் மாணவரையும் சேர்த்தனர்.

இதுதான் இரண்டாவது வெள்ளி. உற்சவம் இல்லாத வெள்ளி. உரிமை உள்ள வெள்ளி!

ஆனால் கூட்டம் எப்போது? பிற்பகல், பள்ளி நேரத்திலே. பிற்பகல் மூன்று மணிக்கு, சாத்தூர்ச் சீமையிலே, சிவகாசிச் சீமையிலே, தாய் எங்கே இருப்பாள்? பட்டாசு ஆலையிலே சரவெடி பின்னிக்கொண்டிருப்பாள். தீப்பெட்டி ஆலையிலே பெட்டி அடைத்துக்கொண்டிருப்பாள். செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. காலையிலே வேன் ஏற்றிச் செல்லும். மாலையிலே வேன் இறக்கிவிடும். இடையிலே இறங்கி வரப் பேருந்தும் இல்லை, இறங்கினால் அன்றைய கூலியும் இல்லை. அவளுக்கு நாற்காலி தந்தோம்; அமர நேரம் தந்தோமா?

இதைச் சிறு குறை என்று தள்ளிவிடாதீர்கள். பெரிய நோயின் சிறிய அறிகுறி இது. நோய் என்னவென்று அறிய, நம் பள்ளிக்கூடத்தை யார் ஆளுகிறார்கள் என்று முதலில் பார்ப்போம்.

விருதுநகர் மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்கள். அவற்றில் ஒன்று சாத்தூர். இருக்கன்குடியும் சுற்றுப்பட்டுச் சிற்றூர்களும் அந்த வட்டாரத்திலே. ஊர்தோறும் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று பலகை தொங்கும். பலகையைப் பார்த்தால் ஊருக்குச் சொந்தம் போலிருக்கும். ஆனால் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981ஆம் ஆண்டிலேயே அரசு ஊழியராகிவிட்டனர். அவர்களுக்கு நியமனம் சென்னையிலிருந்து, சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து, மாறுதல் துறையின் கலந்தாய்விலிருந்து. பள்ளிக்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர். 2018ல் ஓர் ஆணை போட்டு அதிகாரத்தை முதன்மைக் கல்வி அலுவலரிடம் குவித்தனர். 2022ல் வேறோர் ஆணை போட்டு, தொடக்கக் கல்விக்கென்று மாவட்டக் கல்வி அலுவலரைத் தனியே வைத்தனர். ஏணியின் படிகளை மாற்றினர். ஏணியின் அடியிலே நிற்கும் பெற்றோருக்கு எட்டும் படி எது?

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மழைக்காலம். வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது. பிள்ளையின் தகப்பன், வேட்டியை மடித்துக் கட்டியவன், கேட்கப் புறப்படுகிறான்.

"ஐயா, கூரை ஒழுகுதுங்களே!"

"எழுதிப் போட்டிருக்கேன்பா" என்கிறார் தலைமையாசிரியர்.

வட்டாரக் கல்வி அலுவலகம் போகிறான். "ஆசிரியர் எங்களவர், கட்டடம் ஒன்றியத்துடையது. அங்கே போய்க் கேள்" என்கிறார்கள்.

ஒன்றிய அலுவலகம் போகிறான். "மதிப்பீடு அனுப்பியாச்சு. நிதி வரட்டும்" என்கிறார்கள்.

மூன்று நாள் கூலி போனது. கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது!

கதை என்று சிரிக்காதீர்கள். ஏற்பாடே அப்படித்தான் இருக்கிறது. பாடம் சொல்பவர் பள்ளிக் கல்வித் துறை. கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையின் கீழுள்ள ஒன்றியம். மதியச் சோறு சத்துணவுத் திட்டம், அது சமூக நலத் துறை. காலைச் சிற்றுண்டி சமைப்பவர் மகளிர் சுய உதவிக் குழுவினர். ஒரு பள்ளிக்கு இத்தனை எசமானர்கள்! கேள்வி கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்ட எத்தனை வசதி!

கடல் கடந்த அமெரிக்காவிலே வேறு ஏற்பாடு. அங்கே சிறு சிறு பள்ளி வட்டாரங்கள், ஏறத்தாழ 13,000 உண்டு. பெரும்பாலான வட்டாரங்களில் கல்வி வாரியத்தை ஊர்மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரின் சொத்து வரியிலிருந்து பள்ளிக்குப் பெரும்பணம் போகிறது. ஆகவே கேள்வி கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு. ஆனால் பணக்கார ஊருக்குப் பளிங்குப் பள்ளி, ஏழை ஊருக்கு ஏழ்மைப் பள்ளி என்கிற கேடும் அதனாலேயே வந்தது. நம் ஏற்பாட்டில் அந்தக் கேடு குறைவு. சென்னைப் பட்டினத்து அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியருக்கு எந்த ஊதிய விகிதமோ, அதே விகிதம்தான் இருக்கன்குடி ஆசிரியருக்கும். அது சமநீதி, அதை விட்டுவிடக் கூடாது. அவர்களிடம் உள்ள கேட்கும் உரிமையும் வேண்டும், நம்மிடம் உள்ள சமநீதியும் வேண்டும். இரண்டையும் சேர்க்கும் இடம்தான் அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம்.

"ஆளுகை எப்படியிருந்தால் என்ன, நம் மாவட்டம் தேர்ச்சியில் முன்னணியாயிற்றே!" என்பீர்கள். உண்மை. மார்தட்ட வேண்டிய உண்மை! பிளஸ் டூ தேர்விலே விருதுநகர் மாவட்டம் ஆண்டுக்கணக்கில் முதலிடம் பிடித்த மாவட்டம். 2017ல் முதலிடம், 2018ல் முதலிடம். 2023ல் மாநிலம் நூற்றுக்கு 94.03 பெற்றபோது, விருதுநகர் 97.85 பெற்று மீண்டும் முதலிடம். 2025ல் பத்தாம் வகுப்பிலே சிவகங்கைக்கு அடுத்த இடம். மழை பொய்த்த மண், மருந்தும் நெருப்பும் கலந்த தொழில்; இந்த மண்ணின் பிள்ளைகளா எளியவர்கள்?

ஆனால் அதே 2018ஆம் ஆண்டு, நிதி ஆயோக் இந்தியாவின் பின்தங்கிய மாவட்டங்களை ஒரு பட்டியலாக்கி, "முன்னேற விழையும் மாவட்டங்கள்" என்று நயமாகப் பெயரும் சூட்டியது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டே இரண்டு. ஒன்று இராமநாதபுரம். மற்றொன்று, தேர்ச்சியில் முதலிடம் பெற்ற அதே விருதுநகர்! நலவாழ்வு, வேளாண்மை, அடிப்படை வசதி என்று பல கணக்குகளைக் கூட்டிப் போட்ட பட்டியல் அது; கல்வி ஒன்றை மட்டும் வைத்தல்ல. ஆயினும் கல்வியும் அதில் ஓர் அளவுகோல்தான். 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கு என்ன சொல்கிறது? எழுத்தறிவில் விருதுநகர் நூற்றுக்கு 80.15. மாநிலத்தின் சராசரி 80.09. தேர்ச்சிப் பட்டியலிலே தலைமகன்; எழுத்தறிவிலே நடுவரிசை மாணவன்!

ஒரே மாவட்டம் எப்படி முதல் பெஞ்சிலும் கடைசி பெஞ்சிலும் ஒரே நேரத்தில் உட்காரும்?

விடை மிக எளியது. தேர்ச்சி விழுக்காடு என்பது வகுத்தல் கணக்கு. மேலே வெற்றி பெற்றவர் தொகை. கீழே தேர்வு எழுதியவர் தொகை. கீழே இருக்கும் எண்ணைக் கவனியுங்கள்! எழுதியவர் மட்டும்தான் அதில் உண்டு. எட்டாம் வகுப்போடு நின்றவன் அதில் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்து அச்சாபீசுக்குப் போனவன் இல்லை. தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற அக்காள் இல்லை.

2023ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலம் முழுதும் பிளஸ் டூ எழுதியவர் 8,03,385 பேர்; வென்றவர் 7,55,451 பேர். நல்ல கணக்கு! ஆனால் அவ்வாண்டு மார்ச்சு 13 அன்று, முதல் தேர்வாகிய தமிழ்த் தேர்வுக்கே வராதவர் 50,674 பேர். தாய்மொழித் தேர்வுக்கு, பெயர் பதிவான பிள்ளைகளில் அரை இலட்சம் பேர் வரவில்லை! பெருந்தொற்றுக் காலத்தில் பெயரளவில் மேல்வகுப்புக்கு வந்து, பிறகு பள்ளிப்பக்கமே திரும்பாத பலரின் பெயர்கள் அப்பதிவேட்டில் இருந்தன என்றார்கள். பதிவேட்டில் இருந்தவன் வகுப்பில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கத் தேர்வு நாள் வரவேண்டியிருந்தது. ஊர்க் குழு உயிரோடிருந்தால் ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும்!

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிப்படிப்போடு நின்றவன். இருபது ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில், என் பக்கத்து இருக்கைத் தோழனை அழைத்து, "உனக்குப் படிப்பு வராது, டி.சி. வாங்கிக்கொள்" என்றார்கள். அவன் வாங்கிக்கொண்டான். அடுத்த ஆண்டு பள்ளி வாசலில் துணிப்பலகை கட்டினார்கள்: "நூற்றுக்கு நூறு தேர்ச்சி!" நானும் அந்த நூறில் ஒருவன். பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று அவன் எங்கே நின்றான்? தீப்பெட்டி ஆலைச் சுமைவண்டியிலே! அவனை நீக்கியதனால்தான் நூறு, நூறாக நின்றது. இன்றும் எங்கேனும் "நூற்றுக்கு நூறு" என்ற பலகையைக் கண்டால் முதலில் அவன் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இந்த மண்ணுக்கு இது புதிய காயமன்று. 1953ல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சியில் வந்தது ஒரு திட்டம்: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு நம் இயக்கம் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியது. 1954ல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் ஒழிந்தது. அந்நாளில் நாம் அவருக்கு எதிர்க்கட்சி. ஆயினும் அதே ஆண்டுக் குடியாத்தம் இடைத்தேர்தலிலே அவரை ஆதரித்தோம். பெரியார் அவரைப் பச்சைத் தமிழர் என்றார். விருதுநகரிலே பிறந்து, சிறு வயதிலேயே படிப்பை விட்ட அந்த மனிதர், 1957லும் 1962லும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது எந்தத் தொகுதியிலிருந்து? நம் சாத்தூர்த் தொகுதியிலிருந்து! பள்ளியை ஊர்தோறும் திறந்தவரை அனுப்பிய மண் இது.

ஆனால், ஆணை போட்டு வந்த குலக்கல்வி ஆணை போட்டுப் போயிற்று. ஆணையில்லாமல் வறுமை கொண்டுவந்த குலக்கல்வி? அது வேன் ஏறி வந்தது! 1976ல், ஆலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகி முப்பதுக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் மாண்டபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. சிவகாசிப் பகுதியில் 45,000 பிள்ளைத் தொழிலாளர் என்று 1980களில் ஏடுகள் எழுதின. 1986ல் சட்டம் வந்தது. 1996 திசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறப்புப் பள்ளிகள் நடந்தன. ஆலைக்குள் அன்று கண்ட சிறார் கூட்டம் இன்று இல்லை. பள்ளியும் சோறும் சட்டமும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. மறுப்பவன் நன்றி கெட்டவன்.

அந்தச் சோற்றின் வரலாறும் நம் வரலாறே. 1920ல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியிலே நீதிக்கட்சியின் தியாகராயர் தொடங்கினார். 1956ல் எட்டயபுரத்திலே காமராசர் தொடங்கினார். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989ல் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையிலே காலை உணவு தொடங்கி, 2023ல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. விடியுமுன் வேன் ஏறும் தாய்க்குக் காலைச் சோற்றின் அருமை தெரியும். பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்தது அது.

ஆனால் பதினான்கு வயதுக்கு மேல்? சட்டத்தின் கை அங்கே நின்றுவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியவர்கள், பதினான்குக்குக் கீழே உள்ள பிள்ளையும், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு சன்னலைத் திறந்துவிட்டார்கள். பள்ளி நேரம் போக அப்பன் தொழில்! 1953ல் வாசல் வழியே விரட்டிய விருந்தாளி, 2016ல் சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான்!

இன்னொன்றும் கேளுங்கள். ஆலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கென்று தனியே இருந்த தேசியத் திட்டத்தை 2021ல் எடுத்து, சமக்ர சிக்சா எனும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்த்தார்கள். பிறகு, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. 2025ல் மாநில அரசு உச்சநீதிமன்றம் சென்றது. சிறு பெட்டியில் இருந்ததைப் பெரிய பெட்டியில் போட்டார்கள்; பிறகு பெரிய பெட்டியைப் பூட்டினார்கள்! தில்லியில் பூட்டினால் சாத்தூர் வட்டாரத்திலே எவன் படிப்பு நிற்கும்? கொள்கைச் சண்டை கோட்டைகளுக்கு இடையே நடக்கட்டும். அதற்குப் பிணையாகப் பிள்ளையைப் பிடிப்பது எந்த நீதி?

தில்லியைக் கேட்போம், சென்னையையும் கேட்போம். ஆனால் தோழர்களே, நம்மையும் கேட்டுக்கொள்வோம். பொதுக்கூட்டத்துக்கு ஆள் திரட்டத் தெரிந்த நமக்கு, பள்ளிக் கூட்டத்துக்குப் பத்துப்பேரைத் திரட்டத் தெரியாதா? கிளைக்கழகத் தோழனுக்கு வாக்காளர் பட்டியல் மனப்பாடம். எந்த வீட்டில் எத்தனை வாக்கு, யார் வெளியூர், யார் இறந்தார் எல்லாம் விரல்நுனியில்! அதே தெருவில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் பள்ளிக்குப் போகாதவர் எத்தனை பேர்? தெரியுமா?

நான் கேட்பது நான்கே காரியம்.

ஒன்று: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் தொழிலாளி வரக்கூடிய வேளையில் நடக்கட்டும். ஆலை விடும் மாலைக்குப் பிறகு, அல்லது ஞாயிறன்று. ஆசிரியருக்கு அதனால் நேரும் சுமைக்கு வேறொரு நாள் ஈடு கொடுக்கட்டும். அவரை நாம் பகைவராக்க வேண்டாம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், அதிலும் ஒருவர் கணினியிலே விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார் என்கிற நிலையில் வேலை பார்ப்பவர் அவர். குழுவில் அவருக்கு நாம் துணை.

இரண்டு: பள்ளிப் பலகையிலே தேர்ச்சி விழுக்காட்டின் பக்கத்தில் இன்னொரு எண் எழுதட்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர் எத்தனை பேர் என்று. அதுவே உண்மைத் தேர்ச்சி. அதிலும் விருதுநகர் முதலிடம் வரட்டும், நான் முதல் ஆளாக மாலை போடுகிறேன்!

மூன்று: கல்வி, ஒன்றியம், சத்துணவு, சிற்றுண்டி என எல்லாத் துறையினரும் திங்களுக்கு ஒருமுறை ஒன்றிய அலுவலகத்தில் ஒரே மேசையில் அமரட்டும், குழுத் தலைவர்கள் எதிரே அமரட்டும். கூரைக்காக மூன்று படி ஏறிய தகப்பன் ஒரே படியில் விடை பெறட்டும்.

நான்கு: விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஒவ்வொரு குழுவின் கையிலும் இருக்கட்டும். 2012ல் முதலிப்பட்டியிலே முப்பதுக்கும் மேற்பட்டோர், 2021ல் அச்சங்குளத்திலே இருபதுக்கும் மேற்பட்டோர்! வெடித்தது ஆலை மட்டுமா? எத்தனை பிள்ளைகளின் படிப்பு! அத்தகைய பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரிலே அறிவிப்பு வந்தது. முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் என்றார்கள். நல்ல அறிவிப்பு. அறிவிப்பு ஒவ்வொரு வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது யார் வேலை? ஊர்க் குழுவின் வேலை. குழு தூங்கினால் நம் வேலை!

பட்டாசுத் தொழிலாளி அறிவான்: திரி நன்றாக இருந்தால்தான் வெடி வெடிக்கும், எத்தனை மருந்து இட்டாலும் திரியில்லாத வெடி வெறும் காகிதச் சுருள். கோட்டையிலே சட்டம் என்கிற மருந்து இடிக்கிறார்கள். திட்டம் என்கிற காகிதம் சுற்றுகிறார்கள். திரி ஊரில் இருக்கிறது. தாயின் கையில், தகப்பன் கையில், உன் கையில், என் கையில்.

வருகிற ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி நிறையும், ஐயமில்லை. அதற்கு முன் வருகிற பள்ளி வெள்ளிக்கு உங்கள் ஊர்ப் பள்ளி நிறையுமா? போய் உட்காருங்கள், தோழர்களே! "யாரெல்லாம் வென்றார்கள்?" என்று கேளுங்கள், மகிழுங்கள். பிறகு, குரலை உயர்த்தி, அடுத்த கேள்வியையும் கேளுங்கள்:

"வராத பிள்ளை எங்கே?"